முதல் ஈடு காயும், இரண்டாம் ஈடு காயாது: எங்கள் கேஸ் ட்ரையரைச் சரிசெய்த அனுபவம்

போன ஜனவரியில், துணி காயவைக்கும் எங்கள் வீட்டு ட்ரையர் சூடாவதை நிறுத்திக்கொண்டது. மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேன்டன் என்கிற ஊரில் இருக்கிறோம். இங்கே ஜனவரியில் வெளியே துணியைத் தொங்கவிட்டால் அது காய்வதற்கு முன்னாலேயே அப்பளம் போல விறைத்துப் போகும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஐந்து வயதில் ஒருத்தி, எட்டு மாதத்தில் ஒருவன், அதோடு கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. ஆறு பேர் துணியும், குழந்தை நனைத்துத் தள்ளும் துணியும் தினமும் சேர்ந்துகொண்டே போனது. பதினெட்டு நாள் அந்த மெஷினோடு போராடிக் கடைசியில் நானும் அப்பாவும் சேர்ந்து சரிசெய்தோம். போன பணத்தில் பாதி, அவசரப்பட்டதால் போனது. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இதே நிலைமையில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும்.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது கேஸ் ட்ரையரா, மின்சார ட்ரையரா என்று பாருங்கள். பல வருடம் துணி போட்டு எடுத்தும் இதைப் பார்க்காதவர்கள் உண்டு, நானும் வீடு வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். மெஷினுக்குப் பின்னால் பெரிய தடித்த 240 வோல்ட் பிளக் இருந்தால் மின்சார ட்ரையர். சாதாரண 120 வோல்ட் பிளக்கும், கூடவே வளையக்கூடிய ஒரு குழாயும், அதன் முனையில் ஒரு வால்வும் இருந்தால் கேஸ் ட்ரையர். இரண்டிலும் டிரம், மோட்டார், விசிறி எல்லாம் ஒன்றுதான், சூடு வரும் வழிதான் வேறு. மின்சார ட்ரையரில் கம்பிச்சுருள் சூடாகும். கேஸ் ட்ரையரில் உள்ளே நிஜமாகவே நெருப்பு எரியும், மணிக்கு 20,000 பிடியுவுக்கு (BTU, வெப்பத்தின் அளவு) மேல் சூடு தரும் பர்னர் அது. நான் சொல்லப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி மட்டும்தான்.

எங்கள் மெஷினுக்கு வயது பதினொன்று. பஞ்சு வடிகட்டி மேல்பக்கம் இருக்கும் பழைய மாடல். ஒரு சனிக்கிழமை முதல் லோடு நன்றாகக் காய்ந்தது, இரண்டாவது லோடு ஒரு மணி நேரம் சுற்றியும் ஈரமாகவே, சில்லென்று வந்தது. துணியை அதிகமாகத் திணித்துவிட்டோம் என்று நினைத்துப் பாதியாகப் பிரித்துப் போட்டேன். அதுவும் காயவில்லை. சரி, காலையில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, ஞாயிறு காலை அதே ஈரத்துணியைப் போட்டால் கைவைக்க முடியாத சூட்டோடு காய்ந்து வந்தது. அடுத்த லோடு மறுபடி சில்லென்று. அம்மா, "முதல் ஈடு வேகுது, ரெண்டாம் ஈடு வேக மாட்டேங்குது" என்று இட்லிப் பானையைச் சொல்வது போலச் சொன்னார். மெஷினின் நோய் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது, ஆனால் எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

ஒரு பழுதுபார்ப்பு நிறுவனத்தை அழைத்தேன். வந்து பார்ப்பதற்கு மட்டும் 95 டாலர். அவர் வந்தது காலை பத்து மணிக்கு, மெஷின் ராத்திரி முழுக்க ஓடாமல் ஆறிக் கிடந்தது. போட்டதும் பற்றிக்கொண்டது. நன்றாகத்தானே எரிகிறது என்றார். கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் பலவீனமாக இருக்கலாம், மாற்றிப் பார்க்கலாம், அதற்குக் கூலியோடு 280 ஆகும், ஆனால் பதினொரு வருட மெஷினுக்கு இவ்வளவு செலவு செய்வதைவிடப் புதிதாக வாங்குவது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இணையத்தில் தேடி, 25 டாலருக்கு இக்னைட்டரை வாங்கி நானே மாட்டினேன். மாட்டிய அன்று முதல் லோடு காய்ந்தது. இரண்டாவது காயவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போனால், அம்மா நைலான் கயிறு கட்டிக் குழந்தைத் துணியை எல்லாம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனையை மேலே ஓடும் கறுப்புக் குழாயில் கட்டியிருந்தார், அது கேஸ் குழாய். நான் பதறி அவிழ்த்துவிட்டேன். ஊரில் எந்தக் குழாயில் வேண்டுமானாலும் கயிறு கட்டுவோம், அவருக்குத் தெரிய வழியில்லை. இங்கே பேஸ்மென்ட்டில் கூரையை ஒட்டி ஓடும் கறுப்பு இரும்புக் குழாய்கள் பெரும்பாலும் கேஸ் போகும் குழாய்கள், அதில் பாரம் ஏற்றினால் இணைப்பு தளர்ந்துபோகும். வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் முதல் நாளே காட்டிச் சொல்லிவிடுங்கள்.

அப்பா நாற்பது வருடம் கோயம்புத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவர். கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார், மில் மோட்டார் என்று பார்க்காத காயில் (கம்பிச்சுருள்) இல்லை. ஆனால் கேஸ் ட்ரையரை அவர் பார்த்ததே இல்லை என்பதால் நான் அவரைக் கேட்கவே இல்லை. அன்று அவராகவே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து, "அந்த நெருப்பு எங்க எரியுது, காட்டு பாக்கலாம்" என்றார்.

எங்கள் மாடலில் கீழ்ப்பலகையைக் கழற்றினால் போதும். சுவரில் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை மேல் இடுக்கில் விட்டு அழுத்தினால் கிளிப் விடுபட்டுப் பலகை கையோடு வந்துவிடும். சில மாடல்களில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், சிலவற்றில் முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கேஸ் வாசனை லேசாக அடித்தாலும் எந்தச் சுவிட்சையும் தொடாமல், பிளக்கைப் பிடுங்கவும் முயலாமல், எல்லோரும் வீட்டை விட்டு வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். கசிவைத் தேடிச் சரிசெய்யும் வேலையை நாம் செய்யக் கூடாது.

வாசனை எதுவும் இல்லை. பலகையை எடுத்துவிட்டு, கம்பிகள் எதிலும் கை படாமல் தள்ளி உட்கார்ந்து, மறுபடி பிளக்கைச் சொருகி, பேஸ்மென்ட் விளக்கை அணைத்துவிட்டு மெஷினை ஓடவிட்டோம். இடது மூலையில் புனல் மாதிரி ஒரு தகரக் குழாய் படுத்திருக்கும், பர்னர் அதற்குள். முதலில் மோட்டார் சத்தம் மட்டும். சில விநாடியில் புனலுக்குள் மங்கலாகச் சிவப்பு தெரிந்து, அது ஆரஞ்சாகி, கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது. பிறகு சட்டென்று அந்த ஒளி இறங்கத் தொடங்கியது, அதே நொடியில் ஒரு "டிக்", கூடவே "புஸ்" என்று நீலத் தீ புனலை நிறைத்துக்கொண்டு எரிந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். சில நிமிடம் எரிந்து, டிரம் சூடானதும் தானாக அணைந்தது. அது சரிதான், சூட்டைப் பார்த்து அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட்டின் வேலை. கொஞ்சம் ஆறியதும் மறுபடி இக்னைட்டர் சிவந்தது, டிக், புஸ், எரிந்தது. மூன்றாவது முறையும் எரிந்தது.

நான்காவது முறை இக்னைட்டர் சிவந்து, வெளுத்து, ஒளி இறங்கியது. டிக் இல்லை, தீயும் இல்லை. அரை நிமிடம் இருட்டு. மறுபடி சிவந்து மறுபடி அணைந்தது. எட்டு முறை எண்ணினேன், ஒரு முறைகூடப் பற்றவில்லை.

"சூடானா விட்டுப் போகுதாட்ட இருக்குது கண்ணு. ஆறுனா மறுபடி புடிச்சுக்குது. காயில் ஏதாச்சும் இருக்குதா இதுல?" என்றார் அப்பா.

இருக்கிறது. கேஸ் வால்வின் மேலே இரண்டு காயில்கள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் எங்கே பழுது என்பதை மீட்டர் இல்லாமலே பாதி சொல்லிவிடலாம்.

பட்டனை அழுத்தியதும் மோட்டார் ஓடுகிறது. அதே மோட்டார்தான் டிரம்மைச் சுற்றுகிறது, காற்றை இழுக்கும் விசிறியையும் சுற்றுகிறது. மோட்டார் வேகம் எடுத்த பிறகுதான் அதற்குள் இருக்கும் ஒரு சுவிட்ச் பர்னர் பக்கம் மின்சாரத்தை விடும், காற்றோட்டம் இல்லாமல் நெருப்பு எரியக் கூடாது என்பதற்காக. பிறகு இக்னைட்டர் சூடாகிறது. புனலுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன சென்சார் அந்த வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆறியிருக்கும்போது அதன் முனைகள் ஒட்டியிருக்கும், இக்னைட்டர் போதுமான சூட்டுக்கு வந்ததும் அவை பிரியும். கேஸ் வால்வுக்குள் வாய்க்காலில் அடுத்தடுத்து இரண்டு மதகு இருப்பது போல இரண்டு அடைப்புகள். முதல் அடைப்பை மூன்று பின் (இணைப்பு முனை) உள்ள காயில் முன்னாலேயே தூக்கி வைத்திருக்கும். சென்சார் பிரிந்தவுடன், அதுவரை இக்னைட்டர் வழியே போன மின்சாரம் இரண்டு பின் உள்ள அடுத்த காயிலுக்குப் போகும். அது இரண்டாவது அடைப்பைத் தூக்கும், அதுதான் அந்த "டிக்". கேஸ் பாயும், இன்னும் ஆறாத இக்னைட்டரில் பட்டுப் பற்றிக்கொள்ளும். இரண்டில் ஒரு மதகு திறக்காவிட்டாலும் கேஸ் வராது. தீ பற்றாவிட்டால் சென்சார் ஆறி மறுபடி ஒட்டிக்கொள்ளும், இக்னைட்டர் மறுபடி சிவக்கும். நாங்கள் பார்த்த அந்த எட்டு முறையும் நடந்தது இதுதான்.

ஆகவே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தால், இக்னைட்டர் சிவக்கவே இல்லை என்றால் பழுது அதற்கு முன்னால்: இக்னைட்டரிலேயே விரிசல் விட்டிருக்கலாம், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை அறுக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம், தெர்மோஸ்டாட், சென்சார், மோட்டார் சுவிட்ச் இவற்றில் ஒன்று அறுந்திருக்கலாம். சிவந்தது அணையாமல் சிவந்தபடியே இருக்கிறது என்றால் சென்சார் பிரியவில்லை. சிவந்து அணைந்து தீ மட்டும் வரவில்லை என்றால், அடுப்பும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் எரிகின்றனவா, ட்ரையரின் சொந்த வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நேராகக் காயிலைச் சந்தேகப்படலாம். தீ வந்து சீக்கிரமே அணைந்து அணைந்து எரிகிறது என்றால் பெரும்பாலும் காற்றுப் போகும் குழாயில் அடைப்பு. எங்கள் இக்னைட்டர் ஒவ்வொரு முறையும் அழகாகச் சிவந்தது, அதை மாற்ற ஒரு காரணமும் இருக்கவில்லை. நான் உட்கார்ந்து பார்க்காமல் வாங்கி மாட்டியது தவறு.

அப்படியென்றால் வந்தவர் மீட்டர் வைத்தபோது காயில் ஏன் சரியாகக் காட்டியது? இதை அப்பாவிடம் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது, கடையில் உட்கார்ந்திருக்கும் முகம் வந்துவிட்டது. "நம்ம கடைக்கு எத்தனை மோட்டார் இப்படி வந்திருக்குது. காலைல போட்டா ஓடும், ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறுச்சுன்னா நின்னுக்கும். ஆறவெச்சு மீட்டர் வெச்சா ஒரு கோளாறும் காட்டாது. உள்ள கம்பி மயிரிழை விட்டிருக்கும். ஆறி இருக்கறப்ப ஒட்டிக்கிட்டு இருக்கும், சூட்டுல விரிஞ்சா விலகிரும்."

"அப்ப சூடா இருக்கறப்பவே அளந்து பாக்கணுமுங்களாப்பா?"

"அதைத்தான் சொல்றேன்."

மறுநாள் அப்படியே செய்தோம். முதலில் ஆறிய நிலையில், பிளக்கைப் பிடுங்கி, காயில்களின் இணைப்பைக் கழற்றி மின்தடையை ஓம் கணக்கில் அளந்தோம். மூன்று பின் காயிலில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே 1,370, ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே 558. இரண்டு பின் காயிலில் 1,225. இந்த வகை வால்வுக்கு ஏறத்தாழ இப்படித்தான் இருக்க வேண்டும், ஐம்பது அறுபது கூடக் குறைய இருக்கலாம். எல்லாம் சரி. இணைப்பை மாட்டி, ஈரத் துண்டுகளைப் போட்டு, தீ பற்றாமல் போகும்வரை ஓடவிட்டோம். பற்றாமல் இரண்டு முறை சிவந்து அணைந்ததும் நான் பிளக்கைப் பிடுங்கினேன், அப்பா தயாராக வைத்திருந்த மீட்டர் முனைகளை வைத்தார். மூன்று பின் காயிலில் நூறு ஓம் போல ஏறியிருந்தது. அது இயல்பு, தாமிரக் கம்பி சூடானால் மதிப்பு ஏறும். இரண்டு பின் காயிலில் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. திறந்த சுற்று, அதாவது உள்ளே கம்பி விட்டிருக்கிறது. அப்பா முனைகளை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும், திரையில் எண்கள் இரண்டு மூன்று முறை துடித்து 1,280-இல் வந்து நின்றன. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த மெஷினை இனிமேல் தூக்கிப் போட வேண்டியதில்லை என்று அப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது.

காயில்கள் இரண்டும் ஜோடியாகவே கிடைக்கின்றன, எங்களுக்கு 22 டாலர் ஆனது. மெஷினின் கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. மாற்றுவது இருபது நிமிட வேலை. இதற்குக் கேஸ் இணைப்பு எதையும் அவிழ்க்கத் தேவையில்லை, காயில்கள் வால்வின் வெளிப்பக்கம் தொப்பி மாதிரிதான் உட்கார்ந்திருக்கின்றன. ஆனாலும் கேஸ் வால்வை மூடிவிட்டே செய்யுங்கள்: கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது. காயிலைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, பழையதை உருவி, புதியதை அதே குழியில் உட்காரவைத்து, தகட்டை மாட்டி, இணைப்பைச் சொருக வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் குறுகல், தகர விளிம்பு கையைக் கிழிக்கும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்வது நல்லது. பக்கத்தில் இருக்கும் இக்னைட்டரின் சாம்பல் நிறப் பகுதியைத் தொட்டுவிடாதீர்கள். அது சிலிக்கன் கார்பைடு, லேசாக இடித்தாலே விரிசல் விட்டுவிடும், விரல் எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் சீக்கிரம் வெடிப்பு விழும். பிடிப்பதானால் அடியில் உள்ள வெள்ளைப் பீங்கான் பாகத்தை மட்டும் பிடிக்க வேண்டும்.

வால்வுக்குள் இறங்குவது, குழாய் இணைப்பை அவிழ்ப்பது, புதுக் குழாய் இழுப்பது, இதெல்லாம் உரிமம் உள்ளவர்கள் வேலை. நான் அதைத் தொட மாட்டேன், நீங்களும் தொட வேண்டாம்.

மாட்டி முடித்து ஓடவிட்டோம். தொடர்ந்து மூன்று லோடு போட்டேன், மூன்றும் காய்ந்தன. அம்மா மூன்றாவது லோடில் வந்த குழந்தைத் துணியை அப்படியே வாரி மடியில் வைத்துக்கொண்டு சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அப்பாவுக்குத் திருப்தி இல்லை. ஒரு லோடு காய எழுபத்தைந்து நிமிடம் ஆகிறதே, இது எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், வீட்டுக்கு வந்த புதிதில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் காய்ந்தது, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது, நாங்கள் கவனிக்கவே இல்லை. வெளியே போய் ட்ரையர் காற்று வரும் இடத்தைப் பார்த்தோம். மெஷின் ஓடும்போது அந்த மூடி முழுதாகத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். எங்களுடையது ஒரு விரல் அளவுதான் அசைந்தது, விளிம்பெல்லாம் பஞ்சும் பனியும் சேர்ந்து கெட்டியாகியிருந்தது.

மெஷினை முன்னால் இழுத்தபோதுதான் அதன் நிலைமை தெரிந்தது. பின்னால் இருந்தது வளையும் அலுமினியத் தாள் குழாய், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிப் பாதியாகியிருந்தது. அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் பஞ்சு. அங்கிருந்து வெளிச்சுவர் வரை போகும் பதினோரு அடிக் குழாய்க்குள் கம்பித் தூரிகையை விட்டுச் சுழற்றி இழுக்க இழுக்க, சாம்பல் நிறத்தில் ஈரமான கம்பளி மாதிரி வந்துகொண்டே இருந்தது, ஒரு மளிகைப் பை நிறைந்தது. அதில் ஒரு துணுக்கை அப்பா வெளியே பனியில் வைத்து நெருப்புக் குச்சியைக் காட்டினார், ஒரே மூச்சில் பற்றி முடிந்துபோனது. நெருப்பு எரியும் ஒரு மெஷினின் புகைக்குழாயில் இத்தனை வருடம் இது இருந்திருக்கிறது, அதற்கு மேல் மாடியில் பிள்ளைகள் தூங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில், துணி ட்ரையரால் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள். அதில் முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விடுவதுதான்.

அடைத்த குழாய்க்கும் காயில் போனதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது அப்பாவின் முடிவு, நானும் அதை நம்புகிறேன். காற்று வெளியேற முடியாமல் பர்னர் பக்கம் சூடு தேங்கும், பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் அடிக்கடி அணைக்கும், பர்னர் மறுபடி மறுபடி பற்றும், காயில் அந்தச் சூட்டில் வெந்துகொண்டே இரண்டு மடங்கு வேலை செய்யும். தெர்மல் ஃபியூஸ் போனாலும் இதே கதைதான். புது ஃபியூஸ் சில டாலருக்குக் கிடைக்கும், ஆனால் குழாயைப் பார்க்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அது மறுபடி போகும். அதை ஒயர் வைத்து இணைத்து ஓட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், வீட்டைக் காப்பாற்ற இருக்கும் கடைசிப் பூட்டு அது.

குழாயை மாற்ற 48 டாலர் ஆனது. நான்கு அங்குல கெட்டித் தகரக் குழாய் போட்டோம். இணைப்புகளில் ஒரு குழாயின் குறுகிய முனை காற்று போகும் திசையைப் பார்த்து அடுத்ததற்குள் போக வேண்டும், மாற்றிப் போட்டால் பஞ்சு அந்த உதட்டில் மாட்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஸ்க்ரூ அடிக்கக் கூடாது, அதிலும் பஞ்சு சிக்கும். ஒட்டுவதற்கு அலுமினிய டேப், துணி டேப் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது. இங்குள்ள குடியிருப்புக் கட்டட விதிப்படி, மெஷின் கம்பெனி வேறு அளவு சொல்லாத வரை, குழாயின் நீளம் 35 அடிக்கு மேல் போகக் கூடாது, சாதாரண நேர்கோண வளைவு ஒவ்வொன்றுக்கும் அதில் ஐந்து அடி கழித்துக்கொள்ள வேண்டும். வெளி முனையில் பறவை வராமல் இருக்க வலை அடிக்கலாமே என்று தோன்றும், அடிக்கக் கூடாது, சீக்கிரமே பஞ்சு அதை அடைத்துவிடும். மூடி சரியாக மூடிக்கொண்டாலே குருவி கூடு கட்டாது.

மெஷினைத் தள்ளி வைக்கும்போது கேஸ் குழாய் மடியாமல் பார்த்துக்கொண்டு, வால்வைத் திறந்த பிறகு இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தோம். குமிழி வந்தால் கசிவு. ஒன்றும் வரவில்லை. பின்னால் இருப்பது பூச்சு இல்லாத பழைய பித்தளைக் குழாயாக இருந்தால் மெஷினை இழுக்கவே இழுக்காதீர்கள், அந்த வகை அசைத்தால் உடையும் என்று அரசே எச்சரித்திருக்கிறது, ஆள் வைத்து மாற்றிவிட்டுத்தான் மற்றது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஏங்கண்ணு, இத்தனை சூடான காத்து வீணா வெளிய போகுது. அந்தக் குழாயை இங்கயே திருப்பி உட்டா பேஸ்மென்ட் கதகதன்னு இருக்குமில்ல?" நியாயமாகத் தோன்றும் கேள்வி, குளிர்காலத்தில் இங்கே நிறையப் பேருக்குத் தோன்றுவதும்கூட. கேஸ் ட்ரையரின் காற்றோடு எரிந்த வாயுவும் சேர்ந்து வருகிறது, அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். உள்ளே காற்றை விடுவதற்கென்று கடையில் விற்கும் பெட்டிகளைக் கேஸ் ட்ரையரில் மாட்டவே கூடாது. அன்றைக்கே பேஸ்மென்ட்டிலும் படுக்கையறைகளுக்கு வெளியிலும் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரங்களைச் சோதித்தேன், ஒன்றில் பேட்டரி தீர்ந்திருந்தது.

இன்னொன்று நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு, குழந்தைக்கு எண்ணெய் தடவிய துணி, சமையல்கட்டில் எண்ணெய் துடைத்த துணி, இவை ட்ரையருக்குள் போகக் கூடாது. நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் துணியில் பரவியிருக்கும்போது காற்றோடு சேர்ந்து தாமாகவே சூடேறும், ட்ரையரின் சூட்டோடு வெளியே எடுத்துக் குவித்து வைத்தால் அந்தக் குவியலே பற்றிக்கொள்ளக்கூடும். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய்த் துண்டுகளுக்குத் தனிக் கூடை, அவை பேஸ்மென்ட்டில் அம்மா கட்டிய கயிற்றில்தான் காய்கின்றன. கயிற்றுக்கு இப்போது மரச் சட்டத்தில் கொக்கி அடித்திருக்கிறோம்.

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு லோடுக்கும் துடைப்பதோடு, மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்துப் பார்க்கிறேன். வாசனைத் தாள் போட்டுக் காயவைப்பவர்களின் வடிகட்டியில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் ஒன்று சேரும், தண்ணீர் கீழே இறங்காமல் வலைமேல் தேங்கி நிற்கும். பழைய பல்துலக்கியும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

புதுக் குழாய் போட்ட பிறகு முதல் லோடு முப்பத்தெட்டு நிமிடத்தில் காய்ந்தது. கீழ்ப்பலகையை மூடுவதற்கு முன்னால் அப்பா என்னிடம் மார்க்கர் பேனா கேட்டார். கடையில் ரீவைண்டிங் செய்து அனுப்பும் ஒவ்வொரு மோட்டாரின் மூடிக்கு உள்பக்கமும் தேதியும் அளவும் எழுதி அனுப்புவார், அடுத்து எந்தக் கடைக்காரர் திறந்தாலும் தெரியட்டும் என்று. அதே கையெழுத்தில் பலகையின் உள்பக்கம் அன்றைய தேதி, 1,370, 558, 1,225 என்ற மூன்று எண்கள், கீழே "சூட்டில் அளந்து பார்க்கவும்" என்று தமிழில் எழுதினார். இங்கே திறப்பவர்களுக்குத் தமிழ் தெரியாதேப்பா என்றேன். "நீதானே திறக்கப் போற" என்று சொல்லிப் பலகையை மூடினார்.